தெருவுக்கு கரண்டு லைட்டு வந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில இருந்து எழுதுறேன். தெரு லைட்டோட வரலாறு பத்தி நான் படிக்க ஆரம்பிச்சதுல இருந்து ஊருக்குள்ள யாராவது ஒருத்தர் கேள்வி கேட்டுகிட்டேதான் இருக்காங்க, பள்ளிக்கூட பசங்க ப்ராஜெக்ட்டுக்கு கேக்குறாங்க, ஓசூர் பக்கம் வேலைக்கு போற தம்பிங்க பெங்களூர் பெருமையை கொண்டு வந்து அது நெஜமான்னு கேக்குறாங்க. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்க சேர்த்து எழுதியிருக்கேன். எல்லாரும் பல்பை யாரு கண்டுபிடிச்சாங்கன்னுதான் பேசுறோம். ஆனா ஒரு தெருவுல லைட்டு எரியணும்னா பல்பை விட பெரிய கேள்வி ரெண்டு இருக்கு, தினமும் அதை யாரு பாத்துக்கறது, யாரு காசு குடுக்கறது. எந்த ஊர் கதையை எடுத்தாலும் கடைசியில இந்த ரெண்டுலதான் வந்து நிக்குது.

உலகத்துலேயே முதல்ல கரண்டு தெரு லைட்டு போட்ட ஊர் எது அண்ணா?

ஒரே ஊரை சொல்ல முடியாது தம்பி, எதை தெரு லைட்டுன்னு எடுத்துக்கறோங்கறதை பொறுத்து பதில் மாறும். பெரிய நகரத்துல ஒரு முழு வீதிக்கு போட்டதுன்னா பாரிஸ், 1878ல அவென்யூ த லோபேரா வீதியில யாப்லோச்கோவ்னு ஒரு ரஷ்ய இன்ஜினியரோட ஆர்க் விளக்குகளை (அது என்னன்னு கீழ சொல்றேன்) மாட்டினாங்க. அதே வருஷம் லண்டன்ல தேம்ஸ் ஆத்தோர ரோட்டுலயும் அதே விளக்கு எரிஞ்சுது. அமெரிக்காவுல சார்லஸ் பிரஷ்ங்கற இன்ஜினியர் 1879 ஏப்ரல் 29ஆம் தேதி கிளீவ்லேண்ட் ஊரு நடு சதுக்கத்துல தன்னோட ஆர்க் விளக்கு 12 ஏத்தினார்.

ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது வாபாஷ்னு இண்டியானா மாநிலத்துல இருக்கற ஒரு சின்ன ஊர். 1880 மார்ச் 31 ராத்திரி, கோர்ட்டு கட்டடத்து கோபுர உச்சியில நாலே நாலு பிரஷ் விளக்கு, டைனமோவை சுத்த வச்சது கதிரடிக்கிற மிஷினோட ஸ்டீம் இன்ஜின்! வயக்காட்டுல ஓடற இன்ஜினை கொண்டாந்து ஊருக்கே வெளிச்சம் குடுத்திருக்காங்க. பெருநகரம் எதுவும் இல்ல, நம்ம அரூர், பாலக்கோடு மாதிரி விவசாயத்தை நம்பி இருந்த ஊர்தான் அது, அதனாலயே அந்த கதை எனக்கு நெருக்கமா இருக்கு.

குமிழ் பல்பு, அதாவது உள்ள இழை காய்ஞ்சு எரியற பல்பு, அதை தெருவெல்லாம் போட்ட ஊர்னு பாத்தா ஐரோப்பாவுல திமிஷ்வாரா, இப்போ ருமேனியாவுல இருக்கு, 1884 நவம்பர்ல 731 விளக்கு.

அப்போ எடிசன்தான் எல்லாத்தையும் பண்ணார்னு புக்ல போட்டிருக்கே?

எடிசன் பெரிய ஆளு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா தெரு லைட்டு அவருக்கு முன்னாடியே வந்துருச்சு. அவர் பல்பு சரியா எரிஞ்சது 1879 அக்டோபர்ல, அந்த வருஷ கடைசி நாள் தன்னோட ஆய்வுக்கூடம் இருந்த மென்லோ பார்க்குல ஜனங்களை கூப்பிட்டு காட்டினார். இங்கிலாந்துல ஜோசப் ஸ்வான் அதே 1879 பிப்ரவரியில நியூகாசில்ல ஒரு கூட்டத்துக்கு முன்னாடி தன்னோட பல்பை எரிச்சு காட்டிட்டார்.

எடிசனோட உண்மையான சாதனை 1882 செப்டம்பர் 4, நியூயார்க்ல பேர்ல் ஸ்ட்ரீட் பவர் ஹவுஸ். ஜெனரேட்டர், ரோட்டுக்கு அடியில ஒயரு, மீட்டர், ஃபியூஸ், ஹோல்டர், பில்லுன்னு மொத்தத்தையும் ஒரே ஏற்பாடா யோசிச்சு கட்டினார். இன்னைக்கு நம்ம வீட்டுக்கு ஈபி பில்லு வர்ற முறைக்கு அடித்தளம் அதுதான்.

ஆர்க் விளக்குன்னா என்ன? பல்பு மாதிரியா?

இல்லீங்க, அதுக்குள்ள இழையே கிடையாது. வெல்டிங் பட்டறையில வெறுங்கண்ணால பாக்காதேன்னு சொல்லுவாங்களே, அந்த நீல வெளிச்சம், அதுவே ஆர்க். ரெண்டு கரிக்குச்சியை முனைக்கு முனை தொட வச்சு கரண்டு விட்டு மெல்ல பிரிச்சா நடுவுல இருக்கற இடைவெளியில மின்சாரம் தாவும், குச்சி முனை பழுத்து கண்ணை பறிக்கற வெள்ளை வெளிச்சம் வரும். 1800கள் ஆரம்பத்துலயே ஹம்ஃப்ரி டேவி லண்டன்ல பெரிய பேட்டரி வரிசையை வச்சு இதை செஞ்சு காட்டிட்டார். ஆனா பேட்டரியை வச்சு தெருவை எரிக்க முடியுமா, கட்டுப்படியாகாது. 1870கள்ல கிராம்ங்கறவரோட டைனமோ மாதிரி நல்ல ஜெனரேட்டர் வந்த பிறகுதான் ஆர்க் விளக்கு தெருவுக்கு இறங்குச்சு.

இதுல பெரிய தலைவலி என்னன்னா குச்சி எரிய எரிய தேஞ்சுகிட்டே வரும், இடைவெளி அதிகமானா விளக்கு அணைஞ்சு போகும். அதுக்காக விளக்குக்குள்ளயே ஒரு காயில் வச்சு, கரண்டு குறையும்போது மேல் குச்சியை கொஞ்சம் இறக்கி விடற மாதிரி மெக்கானிசம் பண்ணாங்க. யாப்லோச்கோவ் பண்ண வேலை இன்னும் எளிமை, ரெண்டு குச்சியையும் பக்கத்து பக்கத்துல நிக்க வச்சு நடுவுல ஜிப்சம் மாதிரி ஒரு பூச்சு, மெழுகுவத்தி உருகற மாதிரி மூணும் சேர்ந்தே எரிஞ்சு இறங்கும், இடைவெளி மாறவே மாறாது, மெக்கானிசமே தேவையில்ல. ரெண்டு குச்சியும் சமமா தேயணும்ங்கறதுக்காகவே அவர் ஏசி கரண்டை, அதாவது திசை மாறி மாறி ஓடற கரண்டை போட்டார். ஆனா ஒரு குச்சி ரெண்டு மணி நேரம் கூட தாங்காது, அதனால ஒரே குளோபுக்குள்ள பல குச்சி வச்சு ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுக்கு மாத்தணும்.

பிரஷ் விளக்குல ரெண்டு ஜோடி குச்சி போட்டு ராத்திரி முழுக்க எரிய வச்சாங்க. அப்பவும் தினமும் பகல்ல ஒரு ஆளு ஒவ்வொரு கம்பமா போயாகணும், விளக்கை இறக்கி, தேஞ்ச துண்டை எடுத்துட்டு புது குச்சி சொருகி, கண்ணாடி குளோபுல படிஞ்ச சாம்பலை துடைச்சு, மெக்கானிசம் ஒழுங்கா இறங்குதான்னு கையால அசைச்சு பாத்துட்டு திரும்ப மேல ஏத்தணும். மழையோ வெயிலோ தினம் அதே வேலைதான். 1890கள்ல குச்சியை காத்து புகாம கண்ணாடிக்குள்ள அடைச்சு வச்ச பிறகுதான் ஒரு குச்சி நூறு மணி நேரத்துக்கு மேல வந்துச்சு, அந்த வேலையாளுங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சுது.

ஆர்க் விளக்கை ஏன் அவ்ளோ உயரத்துல வச்சாங்க?

கண்ணு கூசும், அதான். பக்கத்துல வச்சா பாக்கவே முடியாது. அதனால ஊருக்கு நடுவுல பெரிய கோபுரம் கட்டி மேல நாலஞ்சு விளக்கை வச்சா நிலா மாதிரி ஊரே தெரியும்னு யோசிச்சாங்க, பேரே நிலாவொளி கோபுரம்னுதான் வச்சாங்க. சான் ஹோசேல 1881ல 237 அடி உயரத்துல ஒண்ணு, டெட்ராய்ட்ல நூத்துக்கும் மேல. டெக்ஸாஸ்ல ஆஸ்டின் ஊர்ல 1894-95ல 165 அடி கோபுரம் 31 போட்டாங்க, அதுல சிலது இன்னைக்கும் நின்னு எரியுது, பல்பு மட்டும் மாத்தியிருக்காங்க.

கோபுரத்துல என்ன குறைன்னா மரத்தடியும் சந்தும் இருட்டாவே கிடக்கும், கட்டட நிழல் நீளமா விழும். கிருஷ்ணகிரி ரவுண்டானா மாதிரி இடங்கள்ல ஹைமாஸ் லைட்டுக்கு கீழ நின்னு பாருங்க, திறந்த வெளிக்கு அருமையா இருக்கும், பக்கத்து சந்துக்குள்ள போனா தனியா கம்பம் வேணும். 140 வருஷமா அதே கணக்குதான்.

கரண்டு லைட்டு போட்டுட்டு வேண்டாம்னு கழட்டின ஊர் இருக்காமே, நெஜமா?

நெஜம்தான், இங்கிலாந்துல காடால்மிங்னு ஒரு சின்ன ஊர். 1881ல அங்க கேஸ் கம்பெனியோட தெரு விளக்கு காண்ட்ராக்ட் முடியுது, ரேட்டுல ஒத்துவரல. அப்போ ஒரு கம்பெனி வந்து நாங்க கரண்டு தரோம்னு சொல்லுச்சு. வே ஆத்துல இருந்த ஒரு மில்லோட தண்ணி சக்கரத்துல சீமென்ஸ் ஜெனரேட்டரை மாட்டி மெயின் ரோட்டுக்கு ஆர்க் விளக்கு, சின்ன தெருவுக்கு ஸ்வான் பல்பு. வீட்டுக்கு வேணும்னாலும் குடுப்பாங்க, அதனால இதைத்தான் பொதுமக்களுக்கு கரண்டு வித்த முதல் இடம்னு நிறைய பேர் சொல்றாங்க.

பிரச்சனை அடுக்கடுக்கா வந்துச்சு. ரோட்டை தோண்டி ஒயர் போட சட்டப்படி உரிமை இல்ல, அதனால ஒயரை ரோட்டோர சாக்கடை வாய்க்கால்லயே ஓட்டினாங்க. ஆத்துல வெள்ளம் வந்தா சக்கரம் சரியா சுத்தாது, விளக்கு மங்கிடும். ஆர்க் விளக்குக்கு கீழ பளீர்னு இருக்கும், ரெண்டு தெரு தள்ளி ஸ்வான் பல்பு மினுக் மினுக்னு நிக்கும், ஜனங்களுக்கு திருப்தி இல்ல. பிறகு சீமென்ஸ் கம்பெனியே எடுத்து நடத்தி பாத்துச்சு, ஸ்டீம் இன்ஜின் கூட போட்டாங்க, வீட்டுக்கு கரண்டு வாங்க போதுமான ஆளு வரல, 1884ல ஊரு திரும்ப கேஸ் விளக்குக்கே போயிருச்சு. அப்புறம் கரண்டு திரும்ப வந்தது 1904ல.

இதை தோல்வின்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஒரு ஊர் புதுசா ஒண்ணை முயற்சி பண்ணி, கணக்கு போட்டு பாத்து, இப்போதைக்கு கட்டுப்படியாகலன்னு முடிவு எடுத்திருக்கு. வரி கட்டறவங்க காசுல நடக்கற விஷயத்துல அப்படித்தான் நடந்துக்கணும்.

கேஸ் விளக்கு அவ்ளோ நல்லா இருந்துச்சா?

ஆரம்பத்துல சுமார்தான், வெறும் மஞ்ச தீ. லண்டன்ல பால் மால் தெருவுல 1807லயே காட்டிட்டாங்க, நம்ம நாட்டுல கல்கத்தா தெருவுக்கு 1857ல வந்துச்சு. கரண்டு வந்து கேஸை ஓரங்கட்டற நேரத்துல ஆஸ்திரியாவுல வெல்ஸ்பாக்னு ஒரு விஞ்ஞானி மேண்டில் கண்டுபிடிச்சார், அதுல கேஸ் விளக்குக்கு இன்னும் நாப்பது அம்பது வருஷம் ஆயுசு நீண்டுச்சு.

மேண்டில்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஊரு பெட்ரோமாக்ஸ்ல கட்டுவோமே அந்த துணிப்பை அதேதான். திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் பெட்ரோமாக்ஸ் எடுத்தவங்களுக்கு தெரியும், புது மேண்டிலை கட்டி முதல் தடவை பத்த வச்சா துணி எரிஞ்சு போய் வெள்ளையா ஒரு சாம்பல் கூடு மட்டும் நிக்கும், விரல் பட்டா பொலபொலன்னு உதிர்ந்துரும், ஆனா சூடு ஏறினா அந்த கூடுதான் அவ்ளோ வெளிச்சம் தருது. அந்த கூடு நூத்துக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் எடுக்கற மோனசைட் மணல் எங்க கிடைச்சுது தெரியுமா, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில, 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடிச்சார். ஐரோப்பா தெருவுல கேஸ் விளக்கு பளிச்னு எரிய நம்ம கடற்கரை மணலும் போயிருக்குங்கறது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

ஆசியாவுலேயே முதல் கரண்டு தெரு லைட்டு பெங்களூர்ல தான்னு சொல்றாங்களே?

ஓசூர் தம்பிங்க கோவிச்சுக்க வேண்டாம், அது சரியில்ல. பெங்களூர்ல இப்போ கே.ஆர். மார்க்கெட் இருக்கற பக்கத்துல 1905 ஆகஸ்ட் 5ஆம் தேதி தெரு விளக்கு எரிஞ்சது உண்மை. ஆனா ஷாங்காய்ல 1882 ஜூலையிலயே 15 ஆர்க் விளக்கு எரிஞ்சுருச்சு, அதே வருஷம் நவம்பர்ல டோக்கியோ கின்சா வீதியில ஒண்ணு. நம்ம நாட்டுக்குள்ளயே டார்ஜிலிங் 1897 நவம்பர் 10ஆம் தேதி சித்ராபாங் நீர்மின் நிலையத்துல இருந்து கரண்டு எடுத்துச்சு, 130 கிலோவாட்தான், ஆனா ஊருக்கு விளக்கு போடத்தான் அதை கட்டினாங்க. கல்கத்தாவுல கண்காட்சி மாதிரி 1879லயே எரிச்சு காட்டிட்டாங்க, பவர் ஹவுஸ் 1899ல வந்துச்சு. மெட்ராஸ்ல 1895லயே கரண்டுல டிராம் ஓடுச்சு.

பெங்களூருக்கு உண்மையான பெருமை வேற ஒண்ணு இருக்கு, அதை விட்டுட்டு இல்லாத பெருமையை பேசுறோம். அந்த கரண்டு எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க, காவேரியில இருக்கற சிவசமுத்திரம் அருவியில இருந்து. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துல ஆரம்பிச்ச திட்டம், ஜோலி டி லோட்பினியேர்ங்கற இன்ஜினியர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் பாத்துட்டு வந்து தயாரிச்சார், ஜெனரேட்டர் அமெரிக்காவோடது, டர்பைன் சுவிட்சர்லாந்தோடது. 1902 ஜூன்ல கரண்டு முதல்ல போனது பெங்களூருக்கு இல்ல, கோலார் தங்கவயலுக்கு. 92 மைல் தூரம், 148 கிலோமீட்டர், 35,000 வோல்ட்டுல. அந்த காலத்துல உலகத்துலயே மிக நீளமான லைன்கள்ல ஒண்ணு அது. சேஷாத்ரி ஐயர் அதை பாக்காமலே 1901ல காலமாயிட்டார்.

கோலார் தங்கவயலுக்கும் நம்ம பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

கிருஷ்ணகிரிக்கு எவ்ளோ பக்கம்னு மேப்ல பாருங்க. சுரங்கத்துல வேலை செஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழ் ஜனங்க, வடஆற்காட்டுல இருந்தும் அப்போ நம்மளும் சேர்ந்திருந்த சேலம் ஜில்லாவுல இருந்தும் போனவங்க. சிவசமுத்திரம் கரண்டு போனது சுரங்கத்து மிஷினுக்கு, லைட்டு அப்புறம்தான். நிறைய இடத்துல இதே வரிசைதான் நடந்திருக்கு, பெரிய தொழில் ஒண்ணு கரண்டுக்கு காசு குடுக்கும், அந்த லைன் வந்த பிறகு தெருவுக்கு விளக்கு போடறது சுலபமாகும். காடால்மிங்ல இல்லாமப் போனது அந்த பெரிய வாடிக்கையாளர்தான்.

இன்னொண்ணு, சிவசமுத்திரத்துல டர்பைனை சுத்திட்டு இறங்கற காவேரி தண்ணி மேகதாது வழியா வந்து நம்ம ஒகேனக்கல்ல விழுது. அங்கிருந்து மேட்டூர் போய் திரும்பவும் டர்பைனை சுத்துது.

ஏன் 35,000 வோல்ட்டு? எடிசன் 110 வோல்ட்டுல தானே குடுத்தார்?

அதனாலதான் அவரால ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தை தாண்ட முடியல. வோல்ட்டு கம்மியா இருந்தா அதே பவரை அனுப்ப கரண்டு அதிகம் ஓடணும், ஒயருல சூடாவே பாதி போயிரும். ஏசியில டிரான்ஸ்ஃபார்மர் வச்சு ஏத்தலாம், ஊருக்கு வந்ததும் இறக்கலாம். சிவசமுத்திரத்துல 2,200 வோல்ட்டுல எடுத்து 35,000க்கு ஏத்தி அனுப்பினாங்க.

அந்த காலத்துல ஷாக் அடிச்சு ஆளுங்க செத்தாங்களா?

செத்தாங்க, நிறைய. ஆர்க் விளக்கை வரிசையா ஒரே சுத்துல இணைப்பாங்க, ஒரு விளக்குக்கு சுமார் 50 வோல்ட்டுன்னா 40 விளக்குக்கு 2,000 வோல்ட்டு, அது தலைக்கு மேல தந்தி ஒயரோட பின்னிக்கிட்டு போகும். நியூயார்க்ல 1889 அக்டோபர் 11ஆம் தேதி பட்டப்பகல்ல ஜான் ஃபீக்ஸ்ங்கற தந்தி லைன்மேன், கரண்டே இல்லாத ஒயர்னு நினைச்சு தொட்டார், அது எங்கயோ ஆர்க் லைனோட உரசிகிட்டு இருந்திருக்கு. ஜனங்க பாத்துகிட்டு இருக்கும்போதே ஒயருல தொங்கினபடியே உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் அந்த ஊர்ல கம்பத்தை வெட்டி சாய்ச்சு ஒயரை மண்ணுக்கு அடியில கொண்டு போறது வேகமாச்சு. மழைக்காலத்துல லைட்டு கம்பத்துல மாட்டை கட்டாதீங்க, ஃபிளக்ஸ் கட்ட ஏறாதீங்கன்னு சொல்றது சும்மா இல்லீங்க.

கரண்டு வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்கள்ல தெருவுக்கு என்ன இருந்துச்சு?

மண்ணெண்ணெய் விளக்கு. கல்லு கம்பம் இல்லனா மரக்கம்பம், மேல நாலு பக்கமும் கண்ணாடி போட்ட கூண்டு. சாயங்காலம் ஒருத்தர் ஏணியும் எண்ணெய் டின்னுமா வருவார், கூண்டை திறந்து சிம்னியை துணியால துடைச்சு, கருகின திரியை கத்தரிச்சு, எண்ணெய் ஊத்தி பத்த வச்சுட்டு அடுத்த கம்பத்துக்கு போவார். சந்தை தெரு, தாலுக்கா ஆபீஸ் பக்கம்தான் விளக்கு, காலனிக்கும் சேரிக்கும் கடைசியாத்தான் வரும், பல ஊர்ல வரவே வராது. தெருவுக்கு விளக்கு போடறது நகராட்சி கடமைன்னு 1920ஆம் வருஷ மெட்ராஸ் ஜில்லா நகராட்சி சட்டத்துலயே இருந்துச்சு, அதுக்கு தனியா விளக்கு வரியும் இருந்துச்சு. வரி எல்லாரும் கட்டினாங்க, வெளிச்சம் எல்லாருக்கும் போகல, இதை வரலாறு எழுதறவங்க அழுத்தி எழுதணும்.

அந்த காலத்துல வெளிநாட்டுலயும் சிக்கனம் இருந்துச்சு. அமெரிக்க ஊர்கள்ல நிலா அட்டவணைன்னு ஒண்ணு போட்டு, நிலா வெளிச்சம் இருக்கற ராத்திரியில விளக்கே ஏத்த மாட்டாங்க. மேகம் மூடிட்டா அன்னைக்கு இருட்டுதான்.

நம்ம பக்கம் கரண்டு எந்த வழியா வந்துச்சு?

மெட்ராஸ் மாகாணத்துல அரசு மின்சார இலாகா 1927ல ஆரம்பிச்சாங்க. நீலகிரியில பைகாரா 1932ல ஓட ஆரம்பிச்சுது, மேட்டூர் அணை 1934ல முடிஞ்சு அங்க பவர் ஹவுஸ் 1937ல வந்துச்சு. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போ சேலம் ஜில்லா, மேட்டூர் நமக்கு பக்கத்து வீடு. 1957 ஜூலை 1ஆம் தேதி மின்சார வாரியம் வந்த பிறகு கிராமத்துக்கு லைன் இழுக்கறது வேகமாச்சு, அதுல பெரும்பங்கு கிணத்து மோட்டாருக்காக. மோட்டாருக்கு லைன் வந்தா அதே கம்பத்துல ஊருக்கு ரெண்டு லைட்டும் மாட்டிடலாம், மேல சொன்ன அதே வரிசை. தருமபுரி தனி மாவட்டமானது 1965ல, கிருஷ்ணகிரி பிரிஞ்சது 2004ல.

கம்பத்துல பல்பு எப்படியெல்லாம் மாறுச்சு?

கரி இழை பல்பு, அப்புறம் 1910 வாக்குல டங்ஸ்டன் இழை, 1913ல கேஸ் நிரப்பின பல்பு, அது வந்த பிறகு ஆர்க் விளக்கு ஓரம் போயிருச்சு. 1930கள்ல மெர்குரியும் சோடியமும், நெதர்லாந்துல 1932ல சோடியம் விளக்கு போட்ட ரோடு வந்துச்சு. நம்ம தெருவுல முதல்ல குண்டு பல்பு, அப்புறம் டியூப் லைட்டு, பைபாஸ்ல மஞ்ச சோடியம், இப்போ எல்.இ.டி. கரி இழை ஒரு வாட்டு கரண்டுக்கு ரெண்டு மூணு லூமன்தான் (லூமன்னா வெளிச்சத்தோட அளவு) தரும், எல்.இ.டி. நூறுக்கு மேல. ஆனா குறைஞ்ச விலைக்கு எடுத்த டிரைவர் சர்க்யூட், அதாவது எல்.இ.டி.க்கு அளவா கரண்டு குடுக்கற பாகம், ஒரு மழைக்கே போச்சுன்னா அந்த மிச்சத்துல என்ன பிரயோஜனம், டெண்டர் போடும்போது ஆயுசையும் கேரண்டியையும் பாக்கணும்.

எங்க தெரு லைட்டு ஒரு மாசமா எரியல, ஈபியில சொல்லணுமா?

கம்பமும் லைனும் ஈபியோடது, மேல இருக்கற லைட்டு உள்ளாட்சியோடது, கரண்டு பில்லு கட்டறதும் அவங்கதான். அதனால நகராட்சியா இருந்தா நகராட்சி ஆபீஸ், கிராமம்னா பஞ்சாயத்து ஆபீஸ். ஒரு கம்பத்துல மட்டும் எரியலனா லைட்டு போயிருக்கும், தெரு முழுக்க எரியலனா சுவிட்ச் பாக்ஸ் இல்லனா லைன் பிரச்சனை, அதுக்கு ஈபியும் வரணும். ஒயரு அறுந்து தொங்கினா கிட்ட போகாம நேரா ஈபிக்கு சொல்லுங்க. மனு எழுதும்போது கம்பத்துல பெயிண்ட்ல போட்டிருக்கற நம்பரை குறிச்சு குடுங்க, கோயில் பக்கத்துல, டீக்கடை எதிர்லன்னு எழுதினா ஆளு வந்து தேடிட்டு போயிருவாங்க.